வீட்டுல டை அடிச்சா போதாதா, பார்லருக்கு ஏன் போகணும்?

சேலத்திலிருந்து ஒரு வாசகி, 3 மார்ச் 2024

வேருக்கு மட்டும் டை அடிக்க பார்லர்ல 1,400 ரூபாய் வாங்கிட்டாங்க. அதே நம்பர் ட்யூப் கடையில 280 ரூபாய்க்குக் கிடைக்குது. பிரஷ்ல தொட்டுத் தடவுறதுக்கு என்ன படிப்பு வேணும்? எங்கம்மா பதினஞ்சு வருஷமா சாஷே டைதான். கொல்லைப்புறத்துல கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவங்களே அடிச்சுக்குவாங்க, இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. வீடே போதும்னு நான் சொல்றேன். இல்லைங்கிறவங்க காரணத்தோட வாங்க.

3 மார்ச், இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் எழுதுறேன்.

எனக்கு 49 வயசு, திருச்சி. முப்பத்திநாலு வயசுல வகிட்டுல நரை வந்துடுச்சு. ஒன்பது வருஷம் வீட்டுல அடிச்சேன். அப்புறம் நாலு வருஷம் பார்லர். இப்ப ரெண்டும் இல்ல, அதைத் தனியா சொல்றேன்.

நரையை மறைக்கணும், கருப்போ கரும்பழுப்போ போதும்னா வீடு தாராளமாப் போதும். டை டப்பா மேல இருக்கிற நம்பர் 1 கருப்புல ஆரம்பிச்சு 10 வரைக்கும் போகும். 10ங்கிறது வெள்ளைக்காரங்க தலையில பார்க்கிற வைக்கோல் நிறம். நம்ம முடி பெரும்பாலும் 1லேர்ந்து 3க்குள்ளதான். அதே ஆழத்துல நிறம் போடும்போது உள்ள இருக்கிற நிறத்தை எதுவும் பெயர்க்க வேண்டியதில்ல. தப்பு நடந்தாலும் சின்னத் தப்பாப் போயிடும்.

நான் பண்ணின பெரிய தப்பு வேற. ஒவ்வொரு தடவையும் வேர்லேர்ந்து நுனி வரைக்கும் இழுத்துவிட்டேன். முடி மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளருது, அந்த ஒரு சென்டிமீட்டர் வெள்ளைக்குத்தான் டை தேவை. இடுப்பு வரைக்கும் முடி வச்சிருக்கவங்களுக்கு நுனிக்கு அஞ்சு வயசு இருக்கும். அஞ்சு வருஷ வெயில், போர் தண்ணி, சிக்கெடுத்த சீப்பு எல்லாம் பார்த்த முடி அது. அது மேல மாசாமாசம் டையோட கலக்குற பெராக்சைடைத் தடவினா என்னாகும்? மூணாவது வருஷம் என் பின்னல் நுனி தென்னை நார் மாதிரி ஆயிடுச்சு. நிறமும் தனித்தனியா: மேல பழுப்பு, கீழ மசி.

பார்லர்ல முதல் நாள் அந்தப் பொண்ணு செஞ்சது ஒண்ணுதான். வகிட்டை அரை அங்குலத்துக்கு ஒண்ணா எடுத்து, வேர்ல மட்டும் ஒத்தி ஒத்தி வச்சா. நுனியைத் தொடவே இல்ல. ஒன்பது வருஷத்துல நான் கத்துக்காததை அன்னைக்கு நாற்காலியில உட்கார்ந்து கண்ணாடியில பார்த்துக் கத்துக்கிட்டேன். அதுக்குக் கொடுத்த காசை நான் வீண்னு சொல்ல மாட்டேன்.

4 மார்ச்

"நெற்றியோரமும் காதோரமும் மட்டும் நரை பிடிக்கவே மாட்டேங்குது, கழுவினதும் வெள்ளையா சிரிக்குது"ன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் அதே பிரச்சினை இருந்துச்சு.

அங்கேதான் முதல்ல ஆரம்பிக்கணும். நாம எல்லாரும் உச்சியில ஆரம்பிச்சு, கடைசியில மிச்சமிருக்கிறதை ஓரத்துல பூசுறோம். ஓரத்து நரை முரட்டு நரை. பார்லர்க்காரங்க டையைக் கனமா, பஜ்ஜி மாவு பதத்துல வைப்பாங்க, சீப்பால சீவித் தள்ள மாட்டாங்க. டப்பாவுல 45 நிமிஷம்னு போட்டிருந்தா முழு 45 நிமிஷம். இருபது நிமிஷத்துல கருப்பாத் தெரியுதுன்னு கழுவிடக் கூடாது. அப்பத் தெரியுற கருப்பு டையோட கருப்பு, முடியோடது இல்ல.

டையோட கலக்குற பெராக்சைடு திரவத்துக்குப் பேர்தான் டெவலப்பர். அதுல 20 வால்யூம்னு போட்டிருந்தா 6 சதவீத பெராக்சைடு. 10ன்னா 3 சதவீதம், 30ன்னா 9, 40ன்னா 12. நரைக்கு 20 போதும். "ஸ்ட்ராங்கா இருந்தா நல்லாப் பிடிக்கும்"னு 40 வாங்கி வீட்டுல வைக்காதீங்க, தயவுசெய்து.

இன்னும் ரெண்டு. எவர்சில்வர் கிண்ணத்துல கலக்காதீங்க, பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ போதும். கலக்கி மிஞ்சினதை மூடி வச்சு அடுத்த மாசத்துக்கு எடுத்து வைக்காதீங்க. அது வேலை செய்யாது, உள்ள வாயு சேர்ந்து டப்பா வெடிக்கவும் செய்யும்.

4 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

மிச்சத்தை வீட்டுக்காரர் மீசைக்கும் புருவத்துக்கும் போட்டுக்கிறார்னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. புருவத்துக்கு வேண்டவே வேண்டாம்மா. கண்ணு போயிடும்னு டப்பாவுலயே எழுதியிருக்கும், நம்ம நாட்டு விதிப்படி அதை அச்சடிச்சே ஆகணும். இன்னைக்கு ராத்திரியே அவர்கிட்ட எடுத்துப் படிச்சுக் காட்டுங்க.

6 மார்ச்

பார்லர் எதுக்குன்னு கேட்டதுக்கு எங்க வீட்டுக் கதையே பதில்.

என் அக்கா பொண்ணு, இருபத்திநாலு வயசு. கல்லூரி முதல் வருஷத்துலேர்ந்து பொடி டை, கருப்பு, எங்கக்கா பழக்கிவிட்டது. சின்ன வயசுலயே நரை, எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தேன் நிறத்துல ஹைலைட்ஸ் வேணும்னு ஆசை. பார்லர்ல 6,000 சொன்னாங்களாம். வீடியோ ஒண்ணைப் பார்த்துட்டு ப்ளீச் பொடியும் டெவலப்பரும் வாங்கிட்டு வந்து மொட்டை மாடியில உட்கார்ந்துட்டா.

நான் போனப்ப மணி அஞ்சு இருக்கும். வேர்ல ரெண்டு விரக்கடை அளவு மஞ்சள், கோழிக்குஞ்சு மஞ்சள். அதுக்குக் கீழ நாலு விரக்கடை செங்கல் நிறம். அதுக்கும் கீழ ஒண்ணுமே மாறாத கருப்பு, ஆனா ஈரத்துல இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது. புள்ள அழுகவே இல்ல, கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னா. எங்கக்கா மாடிப்படியில உட்கார்ந்துட்டா.

ஏன் இப்படி மூணு பட்டை விழுந்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது, பின்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தலையில இருக்கிற உடம்புச் சூடு வேரோரத்துல ப்ளீச்சை வேகமா வேலை செய்ய வைக்குது. அதனாலதான் கைதேர்ந்தவங்க வேரைக் கடைசியில தொடுவாங்க, நடுவுலேர்ந்து ஆரம்பிப்பாங்க. அவ வேர்ல ஆரம்பிச்சுட்டா. ரெண்டாவது, கருப்பு முடியோட நிறத்தைப் பெயர்க்கும்போது அது நேரா தேன் நிறத்துக்கு வராது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள்னு படிப்படியாத்தான் ஏறும். எந்தப் படியில நிறுத்தணும், அது மேல எந்த டோனர், அதாவது மேல போடுற மெல்லிசான சாயம், போட்டு அந்த மஞ்சளை அடக்கணும்னு பார்க்கிற கண்ணு வேணும். மூணாவது, கீழ இருந்தது அவளோட கருப்பே இல்ல. ஆறு வருஷமா ஒண்ணு மேல ஒண்ணாப் படிஞ்ச டை.

அடுத்த நாள் பார்லருக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா முடியைத் தொட்டுப் பார்த்துட்டு, "இன்னைக்கு இதுல ஒண்ணும் பண்ண மாட்டேன். பண்ணினா உதிர்ந்துடும்"னு சொல்லிட்டாங்க. பணம் வாங்கிக்கிட்டு ஏதாவது பூசி அனுப்பியிருக்கலாம், செய்யல. கரும்பழுப்பு ஒண்ணை மட்டும் மேல போட்டு, ஒரு சாண் வெட்டிவிட்டு, நிச்சயத்துக்குப் பூ வச்சுச் சமாளிச்சோம். அந்த "பண்ண மாட்டேன்"ங்கிற வார்த்தை வீட்டுல கிடைக்காது. நல்ல பார்லர்னா எனக்கு அதுதான்.

7 மார்ச்

"கருப்பு டை மேல பழுப்பு டை போட்டா பழுப்பு வராதா?"

வராது. டை டையைப் பெயர்க்காது. புதுசா முளைச்ச வேர் மட்டும் பழுப்பாகும், கீழ கருப்பு அப்படியே நிக்கும்.

11 மார்ச்

நான் வேற ஒரு இடத்துல "அமோனியா இல்லாததை வாங்குங்க, பயமில்ல"ன்னு எழுதியிருந்ததை எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கீங்க. அது தப்பு. திருத்திக்கிறேன், இங்கயும் அங்கயும்.

அமோனியாவோட வேலை முடியோட மேல் செதிலைத் திறந்துவிடுறது. அந்த வழியா நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறு உள்ள போகும், பெராக்சைடு பட்டதும் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நிறமாகும், பெருசாகும், வெளிய வர முடியாம உள்ளயே மாட்டிக்கும். அதனாலதான் கழுவினாலும் போறதில்ல. அமோனியா இல்லாத டையில அதுக்குப் பதிலா எத்தனாலமைன்னு வேற காரம் போடுறாங்க. மூக்கை எரிக்கிற நெடி குறையும், அவ்வளவுதான். தோலுக்கு ஒவ்வாமை கொடுக்கிறது அமோனியா இல்ல, அந்தச் சின்ன மூலக்கூறு: பாரா-பினைலீன்டையமைன், சுருக்கமா பி.பி.டி. அமோனியா இல்லைன்னு பெருசா எழுதின டப்பாவுலயும் அது இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்துல பாருங்க.

1907ல பாரிஸ்ல யூஜின் ஷூலர்ங்கிற வேதியியலாளர் செயற்கைத் தலைச்சாயம் பண்ணி அங்க இருந்த முடிதிருத்தகங்களுக்கு வித்தார், அதுலேர்ந்துதான் லோரியால் கம்பெனி வளர்ந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் கருப்பு டைன்னா அடிப்படை இந்த வகைச் சேர்மம்தான். நரையை இவ்வளவு நல்லா மூடுற வேற ஒண்ணு சுலபமாக் கிடைக்கலங்கிறதுதான் காரணம். அதனால பி.பி.டி. இருக்கிற டையை எல்லாரும் தூக்கிப் போடணும்னு நான் சொல்ல வரல. எது இருக்குன்னு தெரிஞ்சு போடணும்னு சொல்றேன்.

17 மார்ச்

முதல் நாள் "தனியா சொல்றேன்"னு விட்டது இதுதான். ரெண்டு தடவை எழுதி அழிச்சேன்.

2022, ஆவணி மாசம். ஒரு கல்யாணம். நான் நாலு வருஷமா போய்க்கிட்டிருந்த பார்லர்ல என் நம்பர் தீர்ந்துபோச்சு, வேற கம்பெனிது இருக்கு, அதே கருப்புதான்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். தடவும்போதே நெற்றியோரம் லேசா அரிச்சது. எப்பவும் கொஞ்சம் அரிக்கும், அதனால நான் வாயைத் திறக்கல. கழுவி, காயவச்சு, நல்லா இருக்குன்னு பார்த்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் காலையில ஒண்ணுமில்ல. சாயங்காலம் காது மடல் சூடா இருந்துச்சு. அதுக்கும் மறுநாள் காலையில கண்ணைத் திறக்கிறேன், திறக்க முடியல. ரெண்டு இமையும் வீங்கிப் பணியாரம் மாதிரி. காதுக்குப் பின்னால தோல் வெடிச்சு நீர் வடிஞ்சு தலையணை உறை ஒட்டிக்கிச்சு. பின்கழுத்துல டை வழிஞ்ச கோடு எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு, வரைஞ்ச மாதிரி. எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம வண்டிச் சாவியை எடுத்தார்.

தோல் டாக்டர் முதல்ல கேட்டது, "மூச்சு விட, முழுங்க கஷ்டமா இருக்கா?" இல்லைன்னதும்தான் உட்காரச் சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரை, பூச்சு மருந்து, பன்னெண்டு நாள். கொஞ்சம் ஆறினதும் முதுகுல சின்னச் சின்ன வில்லை ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பார்த்து, அப்புறம் மறுபடியும் வரச்சொல்லிப் பார்த்தாங்க. பி.பி.டி. ஒட்டின இடம் கொப்புளிச்சு நின்னுச்சு.

அவர் சொன்னதுல மனசுல நின்னது: இந்த ஒவ்வாமை உடனே வராது. ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள் கழிச்சுக்கூட வரும். பதிமூணு வருஷம் ஒண்ணும் ஆகலைங்கிறது பதினாலாவது வருஷத்துக்கு உத்தரவாதம் இல்ல. உடம்பு ஒரு தடவை இதை எதிரின்னு குறிச்சுக்கிட்டா ஆயுசுக்கும் மறக்காது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம், இன்னும் கடுமையா வரலாம்.

உங்கம்மாவுக்குப் பதினஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருந்தீங்களே தங்கச்சி, அதைப் படிச்சதுலேர்ந்து இதை எழுதணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு.

18 மார்ச்

"பார்லர் தப்பா, உங்க தப்பா?"

ரெண்டும். டெஸ்ட் பண்ணாம வேற டையைத் தடவினது அவங்க தப்பு. அரிக்குதுன்னு சொல்லாம உட்கார்ந்திருந்தது என் தப்பு. அன்னைக்கே கழுவச் சொல்லியிருந்தா இவ்வளவு போயிருக்காதோன்னு இப்பவும் நினைப்பேன்.

இன்னொண்ணு. டாக்டர் "கருப்பு மருதாணி எப்பவாவது வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டார். வச்சிருந்தேன். 2016ல ஒரு வளைகாப்புல, கூம்புல வச்சுப் பிழிஞ்சு போடுவாங்களே, அரை மணி நேரத்துல கருகருன்னு ஆச்சு. ஒரு வாரம் கழிச்சு அந்தக் கோலம் அப்படியே தடிச்சு எழும்பி அரிச்சுது. வெயில்னு நினைச்சு விட்டுட்டேன். மருதாணி இலையில கருப்பு இல்ல, செம்மஞ்சளும் சிவப்பும்தான் வரும். அரை மணியில கருக்குதுன்னா அதுல பெரும்பாலும் டை சாயத்தைக் கலந்திருப்பாங்க. அளவும் கிடையாது. என் உடம்பு இதைக் குறிச்சுக்கிட்டது அன்னைக்குத்தான் இருக்கணும்னார். குழந்தைங்க கையில அதை வைக்காதீங்க. நான் இங்க எழுதினதுல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

19 மார்ச்

டெஸ்ட் எப்படின்னு நாலு பேர் கேட்டாச்சு. காதுக்குப் பின்னாலயோ முழங்கை மடிப்பு உள்பக்கமோ சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சு, தலைக்குக் கலக்குற மாதிரியே துளி கலக்கி, அஞ்சு ரூபாய் நாணயத்தை விடச் சின்னதா ஒரு பொட்டு வச்சுக் காயவிடணும். டப்பாத் தாள்ல 24 மணி நேரம்னு இருக்கும், சிலதுல 48. என் டாக்டர் 48 மணி நேரம் பாருங்கன்னார். சிவந்தா, அரிச்சா, தடிச்சா அந்த டை உங்களுக்கு இல்ல. ஒவ்வொரு தடவையும், அதே கம்பெனி அதே நம்பரா இருந்தாலும். பார்லர் போறவங்க ரெண்டு நாள் முன்னாடி போய் "காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சுவிடுங்க"ன்னு கேளுங்க. முதல்ல விசித்திரமாப் பார்ப்பாங்க, பார்க்கட்டும்.

ஏற்கெனவே ஒருதடவை முகம் வீங்கினவங்க வீட்டுல இந்த டெஸ்ட்டும் பண்ண வேண்டாம். நேரா டாக்டர்கிட்ட போங்க.

24 மார்ச்

வீடா பார்லரான்னு பேசுறப்ப நாம நம்ம தலையை மட்டும் பேசுறோம். இன்னைக்கு அந்தப் பொண்ணு கையைப் பத்தி எழுதணும்.

எனக்கு வேர்ல ஒத்திவிட்ட பொண்ணு, பேர் வேண்டாம், வேலைக்குச் சேர்ந்தப்ப பத்தொன்பது வயசு. ரெண்டாவது வருஷம் அவ வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பார்த்தேன். நகத்தைச் சுத்திக் கருப்பு, கணுவுக்குக் கணு தோல் வெடிச்சு வெள்ளைக்கோடு. பிரஷை மத்த விரலால பிடிச்சு வேலை செஞ்சா. கிளவுஸ் எங்கடான்னேன். "ஒரு ஜோடியை மூணு கஸ்டமருக்கு வச்சுக்கணும்க்கா, உள்ள தண்ணி போயிடும், போடாம இருக்கிறதே மேல்"னா.

நாம ஆறு வாரத்துக்கு ஒருதடவை தொடுற பொருளை அவ தினமும் ஏழெட்டுத் தடவை தொடுறா. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2010ல வெளியிட்ட அறிக்கையில, சொந்தமா தலைக்கு டை போட்டுக்கிறவங்க விஷயத்துல முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னு மூணாவது பிரிவுல வச்சாங்க. முடிதிருத்துறவங்க, பார்லர்ல வேலை பார்க்கிறவங்களோட தொழிலை 2ஏ பிரிவுல வச்சாங்க. மனுஷங்களுக்குப் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்பு இருக்குங்கிற பிரிவு அது. நம்மளைப் பயமுறுத்த இதைச் சொல்லல. நமக்கு டை அடிக்கிற கைக்கு ஒரு ஜோடி புது கிளவுஸ் கேட்டு வாங்கிக் கொடுக்கணும்னு சொல்றேன். கடைசி வருஷம் நான் போகும்போதெல்லாம் மருந்துக்கடையில ஒரு பெட்டி நைட்ரைல் கிளவுஸ் வாங்கி அவகிட்ட கொடுத்துட்டுத்தான் உட்காருவேன். என் கல்யாணத் தேதிக்கு டை மாத்தித் தடவினதும் அவங்க ஆள்தான், ஆனா அன்னைக்கு இவ லீவு.

24 மார்ச், திருத்தம்

"என் கல்யாணத் தேதி"ன்னு எழுதிட்டேன், சொந்தத்துல ஒரு கல்யாணம். அவசரத்துல விழுந்துடுச்சு.

2 ஏப்ரல்

இப்ப என்ன போடுறேன்னு கேட்டவங்களுக்கு: மருதாணி, அது மேல அவுரி. வேற வழியில்லாம ஆரம்பிச்சது, இப்ப பிடிச்சுப்போச்சு. ஆனா இதை "சுலபம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போயிடும்.

தோள் வரைக்கும் முடிக்கு மருதாணிப் பொடி 100 கிராம். கடையில வாங்குறதுன்னா ராஜஸ்தான் சோஜத் ஊர்ப் பொடி நல்லா சலிச்சு வருது, அந்த மருதாணிக்கு 2021ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. தேயிலை டிகாக்‌ஷன் விட்டு, அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, ராத்திரி குழைச்சு வச்சிடுவேன். தலையில எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, முதல் நாளே சீயக்காய் போட்டுக் குளிச்சிடணும். காலையில தடவி மூணு மணி நேரம். வெறும் தண்ணியில அலசு. இப்ப நரை எல்லாம் செம்பு நிறத்துல இருக்கும், பார்த்துப் பயப்படாதீங்க.

அடுத்து அவுரி. திண்டிவனம் பக்கம் இன்னும் பயிர் பண்றாங்க. துணிக்கு நீலம் ஏத்துற அதே செடிதான், இலைப்பொடி பச்சையா இருக்கும். இதை முன்கூட்டி ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, தயிர் பதம், பத்துப் பதினஞ்சு நிமிஷம். மேல நீலமா ஒரு ஏடு படரும், வேகவச்ச கீரை மாதிரி ஒரு வாசனை வரும். அப்பவே தடவணும், ஒரு மணி நேரம் தாண்டினா வேகம் போயிடும். காய விடாம பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டி ரெண்டு மணி நேரம். வெறும் தண்ணியில அலசு, ரெண்டு நாளைக்கு ஷாம்பு கிடையாது. அலசினதும் கொஞ்சம் பச்சையடிக்கும், ரெண்டாவது நாள் கருத்துடும்.

என் தலையில முழுக் கருப்பு வர்றதில்ல. வெயில்ல பார்த்தா கரும்பழுப்பு. நெற்றியோரம் ரெண்டு வாரத்துல செம்பு எட்டிப் பார்க்கும். பழகிக்கிட்டேன்.

3 ஏப்ரல்

நேத்து விட்டது. ஒண்ணு, நரைமுடியில அவுரியை மட்டும் நேராப் போடாதீங்க, நீலமும் பச்சையுமா நிக்கும். மருதாணி அடியில இருக்கணும். ரெண்டு, "கருப்பு மருதாணிப் பொடி", "ஹெர்பல் டை"ன்னு பத்து நிமிஷத்துல கருக்கிற பாக்கெட் எல்லாம் நான் சொல்ற மருதாணி இல்ல. பின்பக்கம் திருப்பிப் பாருங்க, பலதுல பி.பி.டி. உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் "இயற்கைதானே"ன்னு அதைப் போட்டு என்னை மாதிரியே வீங்கினாங்க. மூணு, ஜி-6-பி-டி நொதிக் குறைபாடுன்னு பிறவியிலேயே வர்ற ரத்தக் கோளாறு இருக்கிறவங்களுக்கு நிஜ மருதாணியே ரத்த அணுவை உடைக்கலாம். வீட்டுல யாருக்காவது இருந்தா, கைக்குழந்தைன்னா இன்னும், மருதாணியைத் தள்ளி வைங்க.

நாலு, இரும்புச் சட்டி. நானும் முதல்ல இரும்புச் சட்டியிலதான் ஊறவச்சேன், எங்க ஆத்தா காலத்துப் பழக்கம். பின்னாடி பார்லர்ல ப்ளீச் பண்ற எண்ணம் இருக்கிறவங்க அதை விட்டுடுங்க. உலோக உப்பு ஏறின முடியில பெராக்சைடு பட்டா சூடேறி முடி கருகுறது உண்டு. மலிவு மருதாணிப் பொடியிலயும் அப்படிக் கலப்பு இருக்கலாம். மருதாணி போட்ட தலைன்னு பார்லர்ல மறைக்காம சொல்லுங்க. வெட்டின முடியில நாலு இழையை டெவலப்பர்ல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். அம்மாவுக்கு 76. இன்னைக்குக் காலையில என் கிண்ணத்துல மிஞ்சின மருதாணியைக் கேட்டு வாங்கி, தலைக்கு இல்ல, உள்ளங்கைக்கு வச்சுக்கிட்டாங்க. தலை வெள்ளி மாதிரி அப்படியே இருக்கு. எனக்கும் ஒரு நாள் விட்டுடலாம்னு இருக்கு. ஆனா இந்த வருஷம் இல்ல. அக்கா பொண்ணு கல்யாணம் வைகாசியில, அவ முடி தோளைத் தொட்டுடுச்சு.

20 ஏப்ரல்

செலவுக் கணக்கு கேட்டீங்க, என் நோட்டுலேர்ந்து. பார்லர், 2021: வேருக்கு 1,200, ஆறு வாரத்துக்கு ஒருதடவை, வருஷத்துக்கு எட்டு தடவை போட்டா 9,600. வீட்டுல அதே ட்யூப், டெவலப்பர், கிளவுஸ் சேர்த்து தடவைக்கு 350. வருஷத்துக்கு 2,800. வித்தியாசம் சின்னது இல்ல, அதனால முதல் கேள்வி கேட்ட தங்கச்சி சொன்னது நியாயம். நான் மறுபடி டை போட முடிஞ்சா வேரை வீட்டுலயே போடுவேன், பிடரிக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கையைக் கேட்பேன். வெளுக்கிற வேலை எதுவா இருந்தாலும் நாற்காலியில போய் உட்காருவேன்.

அந்த நோட்டு எதுக்குன்னா, தேதி, கம்பெனி, நம்பர், எத்தனை நிமிஷம், அரிச்சுதா. ஒரு வரிதான். வீங்கின அன்னைக்கு டாக்டர் "என்ன போட்டாங்க?"ன்னு கேட்டப்ப வீட்டுல போட்ட ஒன்பது வருஷத்துக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு, அந்த ஒரு நாளுக்கு இல்ல. பார்லருக்குப் போன் போட்டுக் கேட்டோம், டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டோம்னாங்க. இப்ப யார் டை அடிக்கப் போனாலும் டப்பாவோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துட்டு உட்காருங்கன்னு சொல்றேன்.

5 மே, காலை

தங்கச்சி, உன் பதிவை இப்பத்தான் பார்த்தேன். டெஸ்ட்டுக்குப் பொட்டு வச்சுப் பதினெட்டு மணி நேரத்துல ஒண்ணுமில்ல, முப்பது மணி நேரத்துல காதுக்குப் பின்னால சிவந்து அரிக்குதுன்னு எழுதியிருக்க. அது அம்மா போடுற அதே சாஷேதானே?

முதல்ல தண்ணி விட்டு நல்லாக் கழுவிடு. சொறியாத, எண்ணெய் தடவாத. தலைக்குப் போடாம இருக்கியே, அது போதும். தடிப்பு பரவினா, முகம் வீங்கினா, தொண்டை அடைக்கிற மாதிரி இருந்தா இங்க எழுதிக்கிட்டு இருக்காத, ஆஸ்பத்திரிக்குப் போ. அப்படி எதுவும் இல்லைன்னாலும் நாளைக்குத் திங்கள்கிழமை, தோல் டாக்டரைப் பார்த்துடு.

பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாத. மடிச்சுக் கைப்பையில வச்சு எடுத்துட்டுப் போ, பின்பக்க எழுத்தை அவர் படிக்கணும். அம்மாவையும் கூட்டிட்டுப் போம்மா.